பம்பலப்பிட்டியில் கோக்கி: ஆறவிட்டுச் சாப்பிட வேண்டிய ரொட்டி

ஒரு கோக்கி 300 ரூபா. விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல தடிப்பு. ஒன்று சாப்பிட்டால் ஒரு ஆளின் காலைச் சாப்பாடு முடிந்தது. மத்தியானம் வரைக்கும் வயிறு வேறு எதையும் கேட்காது. பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் மாடியில், ஒரு சிந்தி அம்மா தன் வீட்டுக் குசினியிலேயே இதைச் சுட்டுக் கொடுக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. உட்கார்ந்து சாப்பிட மேசை கிடையாது. முதல் நாளே சொல்லிவைத்து, அடுத்த நாள் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கோக்கி என்ற பெயரில் கொழும்பில் எனக்குக் கிடைத்தவற்றில் உண்மையான கோக்கி இது ஒன்றுதான். அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கோக்கி தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். இது சிந்திகளின் ரொட்டி. ஆட்டா மா, நெய், பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை, சின்னச்சீரகம், உப்பு, காயவைத்த மாதுளம் விதை, அவ்வளவுதான். புளிக்க வைப்பதில்லை, சோடா போடுவதில்லை, தேங்காய் இல்லை. இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணம்தான் இதன் ஊர். சிந்து நதி பாயும் சமவெளி, கோதுமை விளையும் மண். அங்கிருந்து வந்தவர்களின் வீடுகளில் மத்தியானமும் இரவும் கறியோடு சாப்பிடுவது மெல்லிய ரொட்டி. கோக்கி பெரும்பாலும் காலைக்கு உரியது. அதற்குக் கறி வேண்டாம். கறியில் போடும் வெங்காயமும் மிளகாயும் சீரகமும் மாவுக்குள்ளேயே இருப்பதால், ஒரு சிரட்டைத் தயிரும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் இருந்தால் காலை வேளை ஓடிவிடும். காலையில் மிஞ்சியது நாலு மணித் தேத்தண்ணிக்கு வரும். பள்ளிக்கூடப் பெட்டியிலும் வேலைக்குக் கொண்டுபோகும் டிபனிலும் அதுதான் இருக்கும். ரயில் பயணம் என்றாலோ கேட்கவே வேண்டாம், கோக்கி கட்டாமல் சிந்திக் குடும்பம் வண்டி ஏறாது என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் சொன்ன நேரத்துக்கு முந்தியே போய்விட்டதால், அன்ட்டி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவர் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் இந்த ரொட்டிக்கு ஏன் இந்த விலை, ஏன் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது.

அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆட்டா மா. அதில் உருக்கிய நெய்யை விட்டு இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தார், புட்டு மாப் பதம் வரும்வரை. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தார்; பிடித்த பிடி உடையாமல் நின்றது. நெய் காணும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். அதற்குப் பிறகே மற்றச் சாமான்கள். பம்பாய் வெங்காயத்தை அரிசி அளவுக்குப் பொடியாக வெட்டி வைத்திருந்தார். வெங்காயம் பெரிதாக இருந்தால் உருட்டும்போது ரொட்டி பிய்ந்துவிடும், உள்ளே பச்சையாகவும் நின்றுவிடும். மாதுளம் விதையை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டியிருந்தார். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம், தொட்டால் விரலில் ஒட்டுகிற பிசுக்கு. வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னார்: முதலில் புளிப்பு, கடிக்கக் கடிக்க மெல்லிய இனிப்பு.

தண்ணீரை அவர் ஊற்றவே இல்லை. கையை நனைத்துத் தெளித்ததுதான். தோசைக்கோ ரொட்டிக்கோ மாக் குழைத்துப் பழகிய எனக்கு அந்த மா காய்ந்துபோய் இருப்பதாகத்தான் பட்டது. ஓரமெல்லாம் வெடித்துக்கொண்டு, இழுத்தால் இழுபடாமல் கட்டியாக நின்றது. "இன்னும் கொஞ்சம் தண்ணி வேணாமா அன்ட்டி?" என்று கேட்டேன். "வெங்காயம் தரும் மகள்," என்றார். உப்புப் பட்ட வெங்காயம் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரே மாவுக்குப் போதும். அதனால்தான் இந்த மாவை முன்கூட்டியே குழைத்து மூடி வைக்க முடியாது. வைத்தால் இளகி ஒட்டத் தொடங்கிவிடும். குழைத்த கையோடு சுட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மாவை வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் சுட்டுக் கொடுக்கிற சாப்பாடு இது இல்லை.

தோடம்பழ அளவு உருண்டை. கையால் தட்டித் தடிப்பான வட்டமாக்கி, நெய் போடாமல் சூடான கல்லில் இட்டார். இரண்டு பக்கமும் நிறம் லேசாக மாறி ஈரம் வற்றியதும் எடுத்துவிட்டார். அரைகுறையாக வெந்திருந்தது. அதைச் சூட்டோடு பலகையில் வைத்து, விரலால் ஓரத்தை உள்ளே தள்ளி அமுக்கி, மறுபடியும் உருட்டுக்கட்டையால் உருட்டினார். விரல் சுடும் என்று எனக்குப் பதறியது, அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. இரண்டாம் தரம் உருட்டும்போது மேலே வெந்த பகுதியும் உள்ளே வேகாத பகுதியும் ஒன்றோடொன்று நொறுங்கிக் கலக்கின்றன. அந்தக் கலப்பில்தான் பிறகு பொருபொருப்பு வருகிறது. எல்லாச் சிந்தி வீடுகளிலும் இப்படி இரண்டு தரம் செய்வதில்லை என்று அவரே சொன்னார். ஒரே தரத்தில் தடிப்பாக உருட்டி மெல்லிய தீயில் சுடுகிறவர்களும் உண்டு. அவருடைய அம்மா இரண்டு தரம் உருட்டுவாராம், இவரும் அப்படியே செய்கிறார்.

பிறகு கத்தி நுனியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். நெய் உள்ளே இறங்குவதற்கு. தீயை அடங்கவைத்து, ஓரத்தில் ஒரு கரண்டி நெய் விட்டு, மடித்த துணியால் அமுக்கி அமுக்கித் திருப்பினார். ஒரு கோக்கிக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அடுப்பில் இரண்டு கல் இருந்தால்கூட ஒரு மணித்தியாலத்தில் பன்னிரண்டுதான் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். தேங்காய் ரொட்டியை அந்த நேரத்தில் எத்தனை சுட்டு எடுப்போம்! அந்த 300 ரூபாவில் நெய்யின் விலை ஒரு பங்கு என்றால், மெல்லிய தீயில் எரிகிற கேஸும் கல்லுக்கு முன்னால் அவர் நிற்கும் நேரமும் இன்னொரு பங்கு.

சுட்டு முடித்ததைக் கம்பித் தட்டில் சாய்த்து வைத்தார். நான் கை நீட்டினேன். "சூட்டோட வேணாம் மகள். வீட்டுக்குக் கொண்டு போங்க, நாளைக்குக் காலமை சாப்பிடுங்க," என்றார். பிடித்த பிடியில் நின்று ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன்தான், நன்றாகவும் இருந்தது. ஆனாலும் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அவர் சொன்ன அந்த யோசனைதான்: கோக்கி அடுத்த நாள் காலையில்தான் அதன் முழு ருசிக்கு வருகிறது.

சூட்டோடு சாப்பிட்டால் நெய்யின் மணமும் மிளகாயின் உறைப்பும்தான் நாக்கில் முன்னுக்கு நிற்கும். ஒரு இரவு கழிந்தால் வெங்காயத்தின் ஈரம் மாவுக்குள் இறங்கி, உறைப்பு அடங்கி, மாதுளம் விதையின் புளிப்பு மேலே வரும். நெய் இறுகுவதால் ரொட்டி பிய்த்தால் இழுபடாது. கத்திக் கோடு போட்ட இடத்தில் உடைந்து வரும். உடைத்த துண்டின் ஓரத்தைப் பார்த்தால் மேலே கருகிய பழுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், அங்கங்கே பச்சையாய் மிளகாய்த் துண்டு. மேலே தீய்ந்த வெங்காயம் இனிக்கும், உள்ளே இருப்பது இன்னும் கொஞ்சம் கடிபடும். திடீரென்று ஒரு மாதுளம் விதை பல்லில் வெடிக்கும். அந்தப் புளிப்புக்காகவே நான் அடுத்த துண்டை எடுப்பேன்.

நம்முடைய தேங்காய் ரொட்டியோடு இதை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தடிப்பாகச் சுடுகிற தேங்காய் ரொட்டி எங்கள் வீட்டிலும் வாராவாரம் உண்டு, அதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு, கட்டைச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். இரவானால் இறுகிவிடும், அடுத்த நாள் தேங்காய் மணம் மாறிவிடும். வெள்ளைக் கோதுமை மாவும் துருவிய தேங்காயும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். கோக்கியில் தேங்காய் இல்லை, தண்ணீர் மிகக் குறைவு, மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்தது, நெய் எல்லா இடமும் ஊறியிருக்கிறது. அதனால் கொழும்பு வெக்கையிலும் இரண்டாம் நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது.

அதுவும் சரியாக வைத்தால்தான். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் வியர்த்து, மேலே நனைந்துபோய்விடும். முதலில் அன்ட்டி லஞ்ச் ஷீட்டில்தான் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டோவில் வெள்ளவத்தை வந்து சேர்வதற்குள் அடிப்பக்கம் ஈரமாகிவிடும். இதை நானும் இன்னும் சிலரும் சொன்னோம். இப்போது நன்றாக ஆறவிட்டு, பழுப்புக் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றி அட்டைப் பெட்டியில் தருகிறார். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு மாற்றுகிற இந்தக் குணம் பெரிய கடைகளில்கூட எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கடதாசியைப் பிரித்து, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெய் கட்டிபட்டு மெழுகு தின்பது மாதிரி ஆகிவிடும், கல்லில் மறுபடி சூடாக்க வேண்டி வரும். மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோக வேண்டாம், தோல் மாதிரி இழுபடும்.

இந்தக் கோக்கியை யாழ்ப்பாண ரயிலில் கொண்டுபோய்ச் சாப்பிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் ஊர்ப் பயணம் என்றால் ரயில்தான். முன்பெல்லாம் இடியப்பப் பார்சல் கட்டுவோம். சொதி வழியும், சம்பல் மணக்கும், பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்குச் சங்கடம். கோக்கிக்குத் தட்டு வேண்டாம், கை கழுவத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம். கடதாசியைப் பிரித்து, கோட்டில் உடைத்து, ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. வடைக்காரர் வந்தால் வடையும் வாங்குவோம், அது வேறு. எழுபத்தைந்து தாண்டிய என் மாமியார் வெளிச் சாப்பாடு எதையும் தொட மாட்டார். மாகோ தாண்டியதும் அவராகவே, "அந்த ரொட்டியில ஒரு துண்டு தாங்கோ பிள்ளை," என்று கேட்பார்.

கோக்கியை எனக்கு முதலில் அறிமுகம் செய்தது புறக்கோட்டை. படிப்பு முடித்ததும் குறுக்குத் தெரு ஒன்றிலிருந்த சிந்தி முதலாளியின் புடவைக் கடையில் கணக்கு எழுதப் போனேன். பதினொரு மணிக்கு முதலாளிக்குப் பிளேன்டீ வரும். மேசையடியிலிருந்து டிபன் பெட்டியை எடுத்து, கோக்கியை நாலாக உடைத்து, ஒரு பகுதியைத் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துணி வெட்டும் மேசைக்கும் கணக்கு மேசைக்கும் அனுப்புவார். துணி வெட்டுகிற அண்ணாவின் கை, என் பேனா பிடிக்கிற கை, எல்லாக் கையிலும் நெய் மணக்கும். பில் புத்தகத்தில் நெய்ப் பொட்டு விழுந்தால் மட்டும் முதலாளிக்குக் கோபம் வரும். அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் நாக்கில் அந்தச் சுவை பதிந்துவிட்டது, இன்றைக்கும் எந்தக் கோக்கியையும் அந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

சிந்திகள் கொழும்புக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது. புடவைக் கடைகளில் அவர்களைப் பார்த்திருப்போம், பெயர்களின் முடிவில் "ஆணி" என்று வருவதைக் கேட்டிருப்போம், அதற்கு மேல் யோசித்திருக்க மாட்டோம். 1843 இல் சிந்து பிரித்தானியர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு சிந்திலிருந்த ஹைதராபாத் நகரத்து வணிகர்கள் தங்கள் ஊர்க் கைவினைப் பொருட்களையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு முதலில் பம்பாய்க்கும், அங்கிருந்து கப்பலேறி எகிப்து, ஜிப்ரால்டர், சிங்கப்பூர் என்று உலகத்தின் துறைமுகங்களுக்கும் போனார்கள். சிந்து வேலைப்பாடு விற்றவர்கள் என்பதால் அவர்களுக்குச் சிந்துவர்க்கிகள் என்றே பெயர் வந்தது. கப்பல் நிற்கிற ஊரெல்லாம் கடை போட்டவர்களுக்குக் கொழும்புத் துறைமுகம் தப்புமா? இன்றைக்கு ஆடைத் தொழிலில் பெரிய பெயரான ஹிர்தராமணி குழுமமும் அப்படிக் கொழும்பில் கடை வைத்த ஒரு சிந்திக் குடும்பத்திலிருந்து வளர்ந்ததுதான்.

அந்தக் காலத்தில் ஆண்கள் கடலைத் தாண்டி வியாபாரம் செய்ய, குடும்பம் பெரும்பாலும் சிந்திலேயே இருந்தது. 1947 இல் எல்லாம் மாறியது. பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். சிந்து முழுவதும் பாகிஸ்தானுக்குப் போனது. இந்துச் சிந்திகளுக்கு இந்தியப் பக்கம் தங்கள் மொழிக்கென்று ஒரு துண்டு மாகாணம்கூட மிஞ்சவில்லை. லட்சக்கணக்கில் அகதிகளாகப் பம்பாய்ப் பக்கம் வந்தார்கள். கல்யாணுக்குப் பக்கத்தில் இருந்த இராணுவ முகாம் அவர்களுக்குத் தங்குமிடமாகி, பிறகு உல்லாஸ்நகர் என்ற ஊராகவே ஆனது. அன்ட்டியின் அம்மா அந்த வழியாக வந்தவர். அன்ட்டி பிறந்தது பம்பாயில், கல்யாணமாகி வந்தது கொழும்புக்கு. சிந்து மண்ணை அவர் கண்ணால் கண்டதில்லை. அம்மா வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த உருட்டுக்கட்டை நடுவில் தேய்ந்து மெலிந்திருக்கிறது. 1983 இல் வீட்டை விட்டு ஓடி வந்த எங்கள் குடும்பத்தில் ஆச்சி காவிக்கொண்டு வந்ததும் ஒரு புட்டுக் குழல்தான். இதைச் சொன்னபோது அன்ட்டி ஒன்றும் பேசவில்லை. இன்னும் ஒரு கோக்கியைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

சரி, எதோடு சாப்பிடுவது? சிந்தி வீடுகளில் தயிர், சுட்ட அப்பளம், ஊறுகாய், தேத்தண்ணி. நமக்கு இங்கே எருமைச் சட்டித் தயிர் கிடைக்கிறது, அது கோக்கிக்கென்றே பிறந்த பொருத்தம். சட்டியின் மேலாடையை எடுத்து ஆறிய கோக்கித் துண்டில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பாணி விட வேண்டாம், ஒரு சிட்டிகை உப்புப் போதும். அப்பளத்தை எண்ணெயில் பொரிக்காமல் அடுப்புத் தீயில் நேராகச் சுட வேண்டும். அன்ட்டி விற்கும் அப்பளத்தில் மிளகு உடைத்துப் போட்டிருக்கும், ஒரு கட்டு தனியாக 450 ரூபா, வாங்கத் தக்கது. காரட்டைக் கடுகுத் தண்ணீரில் ஊறவைத்த ஒரு ஊறுகாயும் தருகிறார், எண்ணெய் இல்லாதது. நாலு நாள் வெயில் பட்டால்தான் புளிப்பு வருமாம், மழை நாட்களில் கிடைக்காது.

கட்டைச் சம்பலோடு சாப்பிடாதீர்கள். எங்கள் வீட்டிலேயே இதற்கு எதிர்ப்பு இருக்கிறது, என் மகன் சம்பல் இல்லாமல் ரொட்டி என்ற பெயரையே கேட்க மாட்டான். ஆனாலும் நான் சொல்வது இதுதான்: கோக்கிக்குள் ஏற்கெனவே வெங்காயமும் மிளகாயும் இருக்கின்றன. அதன் மேல் வெங்காயமும் மிளகாயும் மாசியும் இடித்த சம்பலை வைத்தால் மாதுளம் விதையும் நெய்யும் காணாமல் போய்விடும். 300 ரூபா கொடுத்து வாங்குவது அந்த இரண்டுக்காகத்தான். தேத்தண்ணி மட்டும் கடுஞ்சாயமாக இருக்கட்டும். பால் தேத்தண்ணி என்றால் இஞ்சி தட்டிப் போடுங்கள்.

இதே பெயரில் வேறு இடத்தில் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும். வட இந்தியச் சாப்பாடு போடும் உணவகம் ஒன்றின் பட்டியலில் கோக்கி என்று கண்டு ஆசையாகச் சொன்னேன். வந்தது மிருதுவான மசாலாப் பராட்டா. மாவைத் தளதளவென்று குழைத்து, கடுந்தீயில் சுட்டிருந்தார்கள். மேலே கருகல், நடுவில் வெங்காயம் பச்சை வாசம். மாதுளம் விதை கிடையாது, அதற்குப் பதிலாக ஏதோ புளிப்புத் தூள் தூவியிருந்தார்கள். இரண்டு மடங்கு விலை. கூட ஒரு கிண்ணம் வெண்ணெய்க் குழம்பு. பராட்டா என்று போட்டு விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோக்கி என்று எழுதிவிட்டு இதைக் கொடுத்தால், முதல் தடவை சாப்பிடும் ஒருவர் கோக்கி இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு வருத்தம் அதில்தான்.

அன்ட்டியிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உப்பு ஒரு நாளைப் போல் ஒரு நாள் இருப்பதில்லை. கூடிய நாளில் தயிரோடு சமாளிக்கலாம், வெறும் தேத்தண்ணியோடு கஷ்டம். உறைப்பு குறைத்துச் சொன்னாலும் சில சமயம் எல்லாருக்கும் ஒரே மாதான் குழைக்கிறார் போலிருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இரண்டு தரம் ஞாபகப்படுத்துங்கள். வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வசதி இல்லை. ஓட்டோ பிடித்து ஆளை அனுப்பினால் கொடுத்து விடுவார். ஒழுங்கைக்குள் கார் நிறுத்த இடமே கிடையாது. லிஃப்ட் பல நாள் வேலை செய்யாது, முழங்கால் வருத்தக்காரர்கள் கீழே நின்று கோல் எடுத்தால் பையனிடம் கொடுத்து அனுப்புவார். அட்டை எடுப்பதில்லை, காசு அல்லது வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்.

விலையைப் பற்றி முணுமுணுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். 2022 இல் கேஸ் சிலிண்டருக்கு நாமெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் அன்ட்டி கோக்கியை நிறுத்திவிட்டார். மெல்லிய தீ நெடுநேரம் வேண்டும் ரொட்டிக்கு அந்த நாட்களில் வழி இல்லை. தீயைக் கூட்டிச் சீக்கிரமாகச் சுட்டிருக்கலாம், நெய்யில் மாஜரின் கலந்திருக்கலாம், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர் செய்யவில்லை. மாதக்கணக்கில் வருமானத்தை விட்டுவிட்டு, கேஸ் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே மறுபடி கல்லை வைத்தார். விலை கூடியது அப்போதுதான். நான் சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

கோக்கி தவிர வேறும் இரண்டு மூன்று உண்டு. கடலை மாக் கோக்கி கொஞ்சம் உதிரும், மணம் அருமை. ஆனால் அதை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தால் பக்வான்: மைதா மாவைத் தட்டிப் பொரித்த மொறுமொறு வட்டமும், குழையாமல் வேகவைத்த கடலைப் பருப்பும். பருப்பில் புளிச் சட்னி விட்டுத் தருகிறார். நல்லதுதான், ஆனால் அங்கேயே நின்று சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு. ஓட்டோவில் வந்தால் போச்சு.

இனிப்பு லோலோவை மட்டும் தவற விடாதீர்கள். சர்க்கரைப் பாகும் நெய்யும் விட்டு ஆட்டா மாவைக் குழைத்து, கோக்கியைவிடத் தடிப்பாக, இன்னும் மெல்லிய தீயில் சுடுவது. ஏலக்காய் மணக்கும், கடித்தால் பிஸ்கட் போல் உதிரும். இது வருடத்தில் சில நாட்கள்தான் கிடைக்கும். ஆகஸ்ட் மாதத்தை ஒட்டித் தத்ரி என்ற பண்டிகை வருகிறது, ரக்ஷா பந்தன் கழித்து ஏழாம் நாள். நமக்கு அம்மை நோய்க்கு மாரியம்மன் என்றால் அவர்களுக்குச் சீதளா தேவி. அம்மனைக் குளிர்விக்கும் நாள் என்பதால் அன்றைக்கு அடுப்பே மூட்டுவதில்லை. முதல் நாளே லோலோ, கோக்கி எல்லாம் சுட்டு வைத்து, மறுநாள் ஆறியதையே தயிரோடு சாப்பிடுவார்கள். அதனால் தத்ரிக்கு முதல் நாள் அன்ட்டியின் குசினியில் விடிய முந்தியே கல் ஏறிவிடும். வீட்டுக்குச் சுட்டதற்கு மேல் மிஞ்சுவதைத்தான் நமக்குத் தருவார், அதனால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். தத்ரி அன்று போனால் கதவு திறப்பார், தயிரும் தருவார், ஆனால் சுட்டுத் தரச் சொல்லக் கூடாது.

தொலைபேசி இலக்கத்தை இங்கே போட வேண்டாம் என்று அன்ட்டி கேட்டுக்கொண்டார். பம்பலப்பிட்டியில் இந்தியச் சாமான் விற்கும் பலசரக்குக் கடைகளில், கோக்கி சுடுகிற சிந்தி அம்மா என்று கேட்டால் சொல்வார்கள். அவர் மாதுளம் விதையும் நெய்யும் அங்கேதான் வாங்குகிறார். திங்கட்கிழமை சுடுவதில்லை. சனி, ஞாயிறுக்கு வேண்டுமென்றால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள், நாலுக்குக் குறைந்து எடுக்க மாட்டார். காலைச் சாப்பாட்டுக்கு என்றால் முதல் நாள் பின்னேரம் போய் எடுங்கள். உப்பு மட்டாக, மாதுளம் விதை கொஞ்சம் கூட என்று சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான் போடுகிறார்.